பழைய சாமான் கடையில் கிடைத்த சிந்தசைசர்: எந்தப் புத்தகத்தில் ஆரம்பிக்கலாம்?

புனல்செட் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் பள்ளத்தூர் பக்கம். அப்பா மைக் செட் வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, படைப்பு, கோயில் திருவிழா என்று சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் எங்கள் புனல் ஸ்பீக்கர்தான் கட்டுவார்கள். நானும் டிப்ளமோ முடித்துவிட்டு அவரோடுதான் இருக்கிறேன். ஆம்ப்ளிஃபயர் படுத்துவிட்டால் திறந்து பார்ப்பேன், புனலுக்குக் காயில் மாற்றுவேன், சால்டரிங் நன்றாக வரும். சினிமாப் பாட்டை ஒரு தடவை கேட்டால் ஆர்மோனியத்தில் தேடிப் பிடித்துவிடுவேன். நொட்டேஷன் தெரியாது.

போன மாசம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போயிருந்தேன். ஒரு கல்யாண வீட்டில் அலங்காரத்துக்குக் கிராமபோன் புனல் கேட்டிருந்தார்கள். அங்கே எனாமல் தூக்குகளுக்கும் கண்ணாடி போட்ட சாமி படங்களுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு கீபோர்டு கிடந்தது. "கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டைக் காலி பண்ணும்போது வந்ததுப்பா. சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்த பொம்மைப் பியானோ. 3,500 கொடு" என்றார். பேசி 2,800க்கு வாங்கி வந்தேன். தூசி தட்டிப் பார்த்தால் ரோலண்ட் எஸ்எச்-101 என்று எழுதியிருக்கிறது. அது 1982இல் வந்த அனலாக் சிந்தசைசர், அதாவது மின்சுற்றாலேயே சத்தத்தை உண்டாக்குகிற வாத்தியம் என்பது தேடிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

பேட்டரி போட்டு ஹெட்போன் செருகியதும் சத்தம் வந்துவிட்டது. ஆனால் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு நேரம் கட்டையைத் தட்டினால் 'டொக்' என்று மட்டும் கேட்கிறது. இன்னொரு நேரம் ஒரு ஸ்லைடரை இறக்கினால் மொத்தச் சத்தமும் செத்துப்போகிறது, எதை ஏற்றினாலும் திரும்ப வரவில்லை. ரெண்டு கட்டையை ஒன்றாக அழுத்தினால் ஒரு சுரம்தான் வருகிறது. ரிப்பேர் என்று நினைத்து ஸ்க்ரூ டிரைவரைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம்தான் அது அப்படித்தான் என்று தெரிந்தது.

வீடியோ பார்த்தேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, முடிந்ததும் ஒன்றும் நிற்கவில்லை. அப்பா ஆம்ப்ளிஃபயர் வேலை கற்றதே புத்தகம் பார்த்துத்தான், எனக்கும் அதுதான் சரிப்படும் போலிருக்கிறது. ஆடி வருகிறது. அம்மன் கோயிலில் செட் போட்டுவிட்டால் பத்து நாள் ஆம்ப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், படிக்க நேரம் கிடைக்கும்.

முதலில் எந்தப் புத்தகம்? தமிழ் வழியில் படித்தவன், இங்கிலீஷ் மெதுவாகத்தான் ஓடும். கையில் 2,000 ரூபாய் இருக்கிறது.

தேவகோட்டை டு சிங்கை எழுதியது:

தம்பி, யாராவது வந்து 10,000 தருகிறேன், 20,000 தருகிறேன் என்றால் மயங்கிக் கொடுத்துவிடாதே. இங்கே அந்த மாடலுக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று தெரிந்தால் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவாய்.

புத்தகமெல்லாம் எதற்கு என்பது என் கட்சி. ஏபிள்டன் கம்பெனி 'லேர்னிங் சிந்த்ஸ்' என்று ஓர் இணையப் பக்கம் இலவசமாக வைத்திருக்கிறது. போனிலேயே திறக்கும். அதில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார், நாலு வரிதான் படிக்க இருக்கும்.

அப்படியே சரண்ஜித் சிங் 1982இல் பம்பாயில் போட்ட ரெக்கார்டைத் தேடிக் கேள். பத்து ராகத்தை டிஸ்கோ தாளத்தில் வாசித்திருப்பார். அவர் வாசித்த பெட்டிகள் ஜூபிடர்-8, டிபி-303, டிஆர்-808, மூன்றும் ரோலண்ட். உன் பெட்டிக்குச் சொந்தக்காரப் பெட்டிகள்.

வளவுக்காரர் எழுதியது:

தம்பி, 2,800 ரூபாய்க்கு 101 வாங்கின ஆளைப் பார்த்து வயிறு எரிகிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் காரைக்குடி. வாரம் முழுக்க ஒரு கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் லேப், சனி ஞாயிறு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு, இப்படி முப்பது வருடம் ஓடியது. இப்போது ரெண்டும் இல்லை. வளவில், அதாவது வீட்டு முற்றத்தைச் சுற்றின தாழ்வாரத்தில், ஈஸிசேரும் நானும்தான்.

"சால்டரிங் நன்றாக வரும்" என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த இடத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. எனக்கும் நன்றாக வரும். 1993இல் பத்திரிகையில் வந்த ஒரு சர்க்கியூட்டைப் பார்த்து சிந்தசைசருக்கான ஆசிலேட்டர் ஒன்று கட்டினேன். சுரத்தைப் பிறப்பிக்கிற சுற்று அது. உள்ளே ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறவேண்டும், அதுதான் கணக்கு. காலை ஆறு மணிக்கு வளவில் உட்கார்ந்து ஆர்மோனியத்தோடு சுருதி சேர்ப்பேன், அச்சாக நிற்கும். பதினொரு மணிக்கு முற்றத்தில் வெயில் இறங்கியதும் அது தன் போக்கில் போய்விடும்.

காரணம் பின்னால்தான் விளங்கியது. வோல்ட்டை ஸ்தாயியாக மாற்றிக்கொடுப்பது ஒரு டிரான்சிஸ்டர். அதன் பேஸில் சுமார் 18 மில்லிவோல்ட் கூடினால் ஓடுகிற கரண்ட் இரண்டு மடங்காகும், சுரமும் ஒரு ஸ்தாயி ஏறும். அந்த 18 நிலையான எண் இல்லை. ஒரு டிகிரி சூடு ஏறினால் அது ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு நகரும். காலையில் 27 டிகிரி, மதியம் 38 என்றால் மூன்றரை சதவீதத்துக்கு மேல். பேச்சுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் மூன்று ஸ்தாயி மேலே போய் ச பிடித்தால், அது நி-யையும் தாண்டிக் கீழே நிற்கும். காரைக்குடி வெயிலில் இதை நம்பி எவன் பாடுவான்?

இதைச் சரிக்கட்டுவதற்கென்றே சூட்டுக்குத் தக்கபடி மாறுகிற ரெசிஸ்டர் உண்டு. அதைத் தேடிச் சென்னை ரிச்சி தெருவுக்கு எத்தனை நடை போனேன் என்று கணக்கில்லை. ரெண்டு டிரான்சிஸ்டரை முதுகோடு முதுகு ஒட்டி, மேலே எபாக்ஸி பூசி, பிறகு அதைப் பெயர்த்து வேறு ஜோடி ஒட்டி, கடைசியில் ஒரு வழியாகச் சுருதி நின்றது. ரெண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த ரெண்டு வருடத்தில் நான் அதில் ஒரு பாட்டுக்கூட வாசிக்கவில்லை. ச மட்டும்தான். "கன்றைத் தேடுற மாடு மாதிரி ஒரே கத்தா கத்துதே, அதுக்குத் தண்ணி காட்டேன்டா" என்று அப்பத்தா வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியிலிருந்து சொல்வார்கள்.

உன் 101இல் கர்டிஸ் 3340 என்ற ஐசி இருக்கிறது. அந்தச் சூட்டுக் கணக்கை அது உள்ளேயே பார்த்துக்கொள்ளும். அதனால் உனக்கு மூடியைத் திறக்கவே வேலை இல்லை. ஸ்லைடர் கரகரத்தால் மட்டும் எலக்ட்ரானிக்ஸ் கடையில் காண்டாக்ட் கிளீனர் என்று கேட்டு வாங்கி ரெண்டு சொட்டு விடு. துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரேயை விட்டுவிடாதே.

இப்போது புத்தகம். முதல் புத்தகம் தமிழிலேயே இருக்கிறது. சிரிக்காதே: பதினொன்றாம் வகுப்பு இயற்பியல், இரண்டாம் தொகுதி, 'அலைகள்' பாடம். உன்னிடம் இல்லாவிட்டால் பிடிஎஃப் இலவசமாக இறக்கலாம். அதில் விம்மல்கள், மூடிய ஆர்கன் குழாய், திறந்த ஆர்கன் குழாய் என்று வரும். பரீட்சைக்கு எல்லாரும் மனப்பாடம் செய்து மறந்த பகுதி. திறந்த குழாயில் அடிச் சுரத்தின் அதிர்வெண்ணைப் போல 1, 2, 3, 4 மடங்கு என்று எல்லாச் சீரிசையும் வரும், மூடிய குழாயில் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை மட்டும் வரும் என்று போட்டிருப்பார்கள். 101இன் முகப்பில் ரம்பப் பல் மாதிரி படம் போட்ட ஸ்லைடர் இருக்கிறதே, அது முதல் வகை. பெட்டி பெட்டியாகச் சதுரப் படம் போட்டது ரெண்டாவது வகை. பாதி சிந்தசைசர் அந்தப் பாடத்திலேயே முடிந்துவிட்டது.

நம்பிக்கை இல்லையென்றால் இப்படிச் செய். சதுரம், சப், நாய்ஸ் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ரம்பத்தை மட்டும் மேலே ஏற்று. சத்தத்தின் அளவைப் பார்க்கிற விசிஏ பகுதியில் உள்ள சுவிட்சை 'கேட்' பக்கம் தள்ளு. விசிஎஃப் என்ற பகுதிதான் ஃபில்டர், மேல் சீரிசைகளை வெட்டுவது. அதில் என்வலப், மாடுலேஷன், கீபோர்டு மூன்றும் கீழே. ரெசனன்ஸை முக்கால்வாசிக்கு மேல் ஏற்று, விசில் அடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் நிறுத்து. இடது கையால் கீழ்க் கட்டை ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஃப்ரீக்வென்சி ஸ்லைடரை அடியிலிருந்து எறும்பு ஊர்கிற மாதிரி மேலே கொண்டு போ. முதலில் ச. அப்புறம் மேல் ச. அப்புறம் ப. அதற்கு மேல் மறுபடி ச. அடுத்து அந்தர காந்தாரம். தம்புராவைக் கூர்ந்து கேட்டால் யாரும் மீட்டாத காந்தாரம் ஒன்று கேட்கும் என்பார்களே, அதுதான் இது, ஐந்தாவது சீரிசை. இதையே சதுரத்தில் செய்து பார். அங்கே என்ன வித்தியாசம் என்று நான் சொல்லப்போவதில்லை, நீ வந்து எழுது. (சதுரத்துக்கு அகல ஸ்லைடர் 50 என்ற குறியில் இருக்க வேண்டும்.)

சத்தம் செத்துப்போனதற்கும் இதுதான் விடை. அந்த ஃப்ரீக்வென்சி ஸ்லைடரை அடியில் விட்டால் ஃபில்டர் வாயை மூடிவிடுகிறது. மூடின வாய்க்குப் பின்னால் என்ன கத்தினாலும் வெளியே வராது. 'டொக்' என்று வந்தது வேறு விஷயம். சத்தம் எப்படி எழுந்து அடங்கவேண்டும் என்று சொல்கிற என்வலப் பகுதியில் ஏ (எழுவது), டி (இறங்குவது), எஸ் (நிற்பது), ஆர் (விட்டபின் அடங்குவது) என்று நாலு ஸ்லைடர் இருக்கும். எஸ் அடியில் கிடந்து டி-யும் குறைவாக இருந்தால் எந்தச் சுரமும் தவில் தட்டு மாதிரிதான் கேட்கும். எஸ்-ஐ மேலே ஏற்றினால் கட்டையைப் பிடித்திருக்கும்வரை நாயனம் மாதிரி நிற்கும்.

ரெண்டாவது, 'சிந்த் சீக்ரெட்ஸ்'. புத்தகமாக அட்டை போட்டது இல்லை. சவுண்ட் ஆன் சவுண்ட் என்ற இங்கிலாந்துப் பத்திரிகையில் கார்டன் ரீட் என்பவர் 1999 முதல் 2004 வரை எழுதிய தொடர், மொத்தம் 63 பகுதி. பத்திரிகையின் தளத்திலேயே காசில்லாமல் படிக்கலாம். மாசம் ஒன்றாக வந்ததால் ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் முடிகிற அளவு. படம் நிறைய, அதனால் இங்கிலீஷ் உன்னை விரட்டாது. முதல் பத்துப் பன்னிரண்டைப் போனில் படிக்காதே, அச்செடுத்து ஆம்ப் பக்கத்தில் வைத்துக்கொள். உன் 2,000 ரூபாயில் செலவாகப் போவது அதுதான். ஒரு நாளைக்கு ஒரு பகுதி, அதில் சொன்னதைக் கட்டையில் செய்து பார்த்த பிறகுதான் அடுத்தது. பின்பகுதிகளில் டிரம்பெட், புல்லாங்குழல், மணி, டிரம் என்று ஒவ்வொரு வாத்தியத்தையும் எப்படிச் செய்வது என்று போவார். நாயனம் இல்லை. ஆனால் ரெட்டைச் சீவாளி, அடியில் விரிகிற குழல், அதனால் எல்லாச் சீரிசையும் உண்டு என்று நீயே யோசித்து ரம்பத்தில் ஆரம்பித்துவிடுவாய்.

மூன்றாவது, ஆலன் ஸ்ட்ரேஞ்ச் எழுதிய 'எலக்ட்ரானிக் மியூசிக்: சிஸ்டம்ஸ், டெக்னிக்ஸ் அண்ட் கண்ட்ரோல்ஸ்'. 1972இல் வந்தது, 1983இல் பெரிதாக்கி மறுபடி போட்டார். ரொம்ப காலம் எங்கேயும் கிடைக்காமல் இருந்து, சமீபத்தில்தான் மறுபதிப்பு வந்தது. எந்தக் கம்பெனிப் பெட்டியையும் பிடித்துக்கொண்டு தொங்கமாட்டார். ஆசிலேட்டர் ஒரு கட்டம், ஃபில்டர் ஒரு கட்டம், எந்தக் கோடு எங்கே போகிறது என்று வரைந்து காட்டிக்கொண்டே போவார். மிக்சருக்கும் ஆம்புக்கும் ஒயர் இழுக்கிற உனக்கு அந்தப் படங்கள் தாய்மொழி. விலை அதிகம், இப்போது வாங்காதே.

மற்றதெல்லாம் பிறகு. 'அனலாக் டேஸ்' என்று 2002இல் ட்ரெவர் பிஞ்சும் ஃப்ராங்க் ட்ரோக்கோவும் எழுதினது அருமையான கதை. 1964இல் ராபர்ட் மூக் நியூயார்க் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் கடை போட்டு சிந்தசைசர் செய்தது, அதே காலத்தில் மேற்குக் கரையில் டான் புக்லா "வெள்ளைக் கட்டை கறுப்புக் கட்டையே வேண்டாம்" என்று வேறு மாதிரிச் செய்தது எல்லாம் வரும். ராத்திரி படுக்கும் முன் படிக்கலாம், ஆனால் ஒரு ஸ்லைடரைக்கூட அது விளக்காது. 'பேட்ச் அண்ட் ட்வீக்' வழுவழுப்பான படப் புத்தகம். அதைத் திறந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பெட்டி வாங்கத் தோன்றும், ஆகவே வேண்டாம். கர்டிஸ் ரோட்ஸ் எழுதின 'கம்ப்யூட்டர் மியூசிக் டுடோரியல்' ஆயிரம் பக்கத்துக்கு மேல். (உன் ஐசி கர்டிஸ் வேறு, இவர் வேறு.) அது தலைக்கு வைத்துக்கொள்ள நன்றாக இருக்கும்.

கோட்டையூர் டீச்சர் எழுதியது:

தம்பி, வளவுக்கார அண்ணன் சொன்ன இயற்பியல் பாடத்தை நான் வருடா வருடம் நடத்துகிறேன். அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு. ஆனால் சால்டரிங்கை விலக்கி வை என்றாரே, அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அண்ணனுக்கு ரெண்டு வருடம் போனது சால்டரிங்கால் இல்லை. கடைசியில் கட்டவேண்டிய சர்க்கியூட்டை முதலில் கட்டினதால்.

நிக்கலஸ் காலின்ஸ் எழுதிய 'ஹேண்ட்மேட் எலக்ட்ரானிக் மியூசிக்' என்று ஒரு புத்தகம், 2006இல் வந்தது. அதில் சுருதி சுத்தம் பற்றிய கவலையே கிடையாது. 40106 என்று ஓர் ஐசி, ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான் ஆசிலேட்டர். ஓர் ஐசிக்குள் இப்படி ஆறு கட்டலாம். பாகம் எல்லாம் சேர்த்து டீ, வடைக் காசுதான் ஆகும். ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் எல்டிஆர் வைத்தால் வெளிச்சத்துக்குத் தக்கபடி சுரம் ஏறி இறங்கும். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் ஜன்னலோரம் அதை வைத்துக் கையால் நிழல் காட்டி ஊளையிட வைத்தார்கள். பக்கத்து வகுப்பு சார் வந்து சத்தம் போட்டது தனிக் கதை. மின்தேக்கியும் மின்தடையும் சேர்ந்தால் காலம் பிறக்கிறது என்று நான் எத்தனை தடவை கரும்பலகையில் எழுதினாலும் ஏறாதது, அந்த ஒரு பீரியடில் ஏறியது. அண்ணன் சொன்ன விம்மல்களுக்கும் அதே ஐசி போதும். ரெண்டு ஆசிலேட்டரைக் கிட்டத்தட்ட ஒரே சுரத்துக்குக் கொண்டுவந்தால் 'வ்வாங் வ்வாங்' என்று கேட்கும். ஒன்று 200 ஹெர்ட்ஸ், இன்னொன்று 202 என்றால் வினாடிக்கு ரெண்டு தடவை.

காலின்ஸ் முதலிலேயே சொல்லிவிடுகிற விதி ஒன்று உண்டு: சுவரில் செருகுகிற எதையும் பிரிக்காதே, பேட்டரியில் ஓடுகிறதை மட்டும் தொடு. நீங்கள் ஆம்ப் திறக்கிற ஆள், உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளைகள் கூட உட்கார்ந்தால் இந்த விதி முக்கியம்.

அதற்கு அடுத்து ரே வில்சனின் 'மேக்: அனலாக் சிந்தசைசர்ஸ்', 2013. அதில் 9 வோல்ட்டில் ஓடுகிற ஒரு சின்னச் சத்தப் பெட்டியை அடியிலிருந்து கட்டவைப்பார். ஆசிலேட்டர், ஃபில்டர், என்வலப் எல்லாம் அதில் உண்டு. அதை முடித்துவிட்டு 101இன் சர்க்கியூட் படத்தைப் பார்த்தால் தெரிந்த முகமாக இருக்கும். லேப்டாப் இருந்தால் ஆண்டி ஃபார்னெலின் 'டிசைனிங் சவுண்ட்'. ப்யூர் டேட்டா என்ற இலவச மென்பொருளில் மழை, நெருப்பு, பூச்சிச் சத்தம் எல்லாம் ஒன்றுமில்லாததிலிருந்து செய்யச் சொல்லிக்கொடுப்பார்.

இன்னொன்று, புத்தகம் கேட்ட கேள்விக்கு நேர்ப் பதில் இல்லை. இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் அகமதாபாத் கதையைச் சொல்லுங்கள். 1969இல் அங்கே தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசர் ஒன்று வந்து இறங்கியது. டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக்காரர் வந்து நிறுவிக் கொடுத்தார். கீதா சாராபாய் போன்றவர்கள் அதில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள். அந்த நாடாக்கள் பல வருடம் பெட்டியில் கிடந்து, 2023இல்தான் இசைத்தட்டாக வெளியே வந்தன. நம்மூரில் பழைய வீட்டைக் காலி செய்யும்போது பெட்டிக்குள் என்ன கிடக்கிறது என்று பார்த்துவிட்டு எடைக்குப் போடுங்கள் என்று நான் கத்துவது இதனால்தான்.

புனல்செட் எழுதியது:

ஐயா, டீச்சர் அக்கா, சிங்கப்பூர் அண்ணே, மூன்று பேருக்கும் நன்றி. பதினைந்து நாளாக ஆளையே காணோம் என்று நினைத்திருப்பீர்கள், செட்டில் இருந்தேன்.

இயற்பியல் புத்தகம் சித்தப்பா மகளிடம் வாங்கினேன். "அண்ணே, உனக்கு எதுக்கு இது?" என்று சிரித்தாள். அலைகள் பாடம் ரெண்டு தடவை படித்தேன். சிந்த் சீக்ரெட்ஸ் எட்டுப் பகுதி முடித்திருக்கிறேன், ஒரு பக்கத்துக்கு அகராதியை நாலு தடவை புரட்டுகிறேன். சிங்கப்பூர் அண்ணன் சொன்ன பக்கத்தைப் போனில் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோயிலில் எல்.ஆர்.ஈஸ்வரியம்மா பாடும்போது போன் சத்தம் எங்கே கேட்கும்?

சோதனை செய்தேன் ஐயா. ராத்திரி பதினொன்றுக்குப் பாட்டை நிறுத்தின பிறகு ஹெட்போன் போட்டுக்கொண்டு செய்தேன். ரம்பத்தில் நீங்கள் சொன்ன மாதிரியே ச, மேல் ச, ப, ச, க வந்தது. எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது, பொய் சொல்லவில்லை. சதுரத்தில் மேல் ச-வைக் காணோம்! முதல் ச-விலிருந்து நேரே மேலே இருக்கிற ப-வுக்குத் தாவுகிறது, அதற்கடுத்து க. மூடிய குழாய், 1, 3, 5. பத்தாம் வகுப்போடு இயற்பியலை விட்டவன், பத்து வருடம் கழித்து அம்மன் கோயில் திண்ணையில் அதைப் படித்து முடித்தேன்.

அடுத்த நாள் காலையில் ஆசை தாங்காமல் 101ஐ மிக்சரில் செருகிப் புனலில் விட்டுப் பார்த்தேன். (பூசாரி இல்லாத நேரம்.) இங்கேதான் குழப்பம். எங்கள் புனலில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் வராது, அது எனக்குத் தெரியும். நான் அழுத்தினது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கட்டை. வரவே கூடாது. ஆனால் ரம்பத்தில் அந்தச் சுரம் தெளிவாகக் கேட்கிறது! ஃபில்டரை மூடினால்தான் காணாமல் போகிறது. எப்படி?

ரெண்டாவது, மாயாமாளவகௌளை வரிசை வாசித்துப் பார்த்தேன். சுரம் எல்லாம் சரி, ஆனால் பள்ளிக்கூட மணி மாதிரி தனித்தனியாக நிற்கிறது. சரண்ஜித் சிங் வாசிப்பில் சுரம் வழுக்குகிறதே, அது எங்கே இருக்கிறது?

டீச்சர் அக்கா, 40106 மூன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஐயா திட்டக்கூடாது.

வளவுக்காரர் எழுதியது:

திட்டவில்லை. டீச்சர் சொன்னது நியாயம்தான், கடைசி சர்க்கியூட்டை முதலில் எடுத்தேன் என்பதை முப்பது வருடமாக எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் மூன்று வாங்கியிருக்கிறாய் பார், பதினெட்டு ஆசிலேட்டர். நான் பயந்தது இதற்குத்தான்.

புனல் விஷயம். நீ கேட்டது காது செய்கிற வேலை. 90 ஹெர்ட்ஸ் ரம்பம் என்றால் 90, 180, 270, 360, 450, 540 என்று அடுக்காக இருக்கும். புனல் கீழே உள்ள மூன்றையும் விழுங்கிவிட்டது. மீதி 360, 450, 540. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி 90 என்பதைக் காது பிடித்துக்கொண்டு, அடியில் 90 இருந்தாக வேண்டும் என்று தானே போட்டுக்கொள்கிறது. ஃபில்டரை மூடினால் மேல் அடுக்கும் போய்விடும், காதுக்குத் துப்பு கிடைக்காது, சுரமும் போய்விடும். உன் அப்பா இத்தனை வருடமாகப் புனலில் ஆண் குரல் பாட்டைப் போட்டு ஊரே கேட்டதும் இந்த வித்தையால்தான்.

வழுக்குவதற்கு 101இல் ரெண்டு வழி. போர்ட்டமென்டோ என்று ஒரு திருகு இருக்கிறது. அதன் சுவிட்சை 'ஆட்டோ'வில் வைத்தால், ஒரு கட்டையை விடாமல் அடுத்ததை அழுத்தும்போது மட்டும் வழுக்கும், விட்டு அழுத்தினால் வழுக்காது. ஜாரு மாதிரி வரும். ஆனால் எப்போதும் ஒரே மாதிரிப் போய் ஒரே மாதிரி நிற்கும், அதனால் கமகம் ஆகாது. கமகத்துக்கு இடது ஓரத்தில் இருக்கிற பெண்டர். அது இடமும் வலமும் அசைகிறது. வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கிறதும் அதே அசைவுதான். அது எவ்வளவு தூரம் சுரத்தை இழுக்கவேண்டும் என்பதற்குத் தனி ஸ்லைடர் உண்டு. முழுத் தள்ளலில் ரெண்டு மூன்று அரைச்சுரம் வருகிற மாதிரி குறைத்து வைத்துக்கொள். முதலில் ரி-யை ச-விலிருந்து தொட்டு அசைக்கப் பழகு, ஒரு வாரம் அதுவே. காரைக்குடிச் சகோதரர்கள் வீணை வாசித்த ஊரில் இருந்துகொண்டு கட்டையைத் தட்டிவிட்டுக் கை எடுத்தால் நன்றாகவா இருக்கும்?

இந்தப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் எனக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்கிறேன். சுரம் என்றால் ஒரு கட்டை, கட்டை என்றால் ஒரு வோல்ட்டேஜ், அதோடு அவர்களுக்கு முடிந்தது. ரெண்டு சுரத்துக்கு நடுவில் என்ன நடக்கிறது என்பதற்குப் போர்ட்டமென்டோ பற்றி ஒரு பத்தி. நமக்கோ சங்கதியெல்லாம் அந்த நடுவில்தான் இருக்கிறது. ஸ்ட்ரேஞ்ச் மட்டும் கட்டையைத் தவிர வேறு எதைக் கொண்டெல்லாம் வோல்ட்டேஜை அசைக்கலாம் என்று விரிவாகப் பேசுவார். என்னிடம் மறுபதிப்பு இருக்கிறது, காசு கொடுத்து வாங்காதே. பதினெட்டாம் பெருக்கு முடிந்து ஒரு நாள் வந்து எடுத்துக்கொண்டு போ. வரும்போது 101ஐயும் கொண்டு வா. வளவில் நாலு பக்கமும் தாழ்வாரம், கீழே ஆத்தங்குடிக் கல், சத்தம் போட்டால் சுற்றி வரும். எதிரொலிப் பெட்டி வாங்குகிற செலவு மிச்சம்.

புனல்செட் எழுதியது:

கட்டாயம் வருகிறேன் ஐயா. ஆறு பேட்டரியும் புதுசு போட்டுக் கொண்டு வருகிறேன். பெண்டரில் ரி நேற்று கொஞ்சம் வந்தது. அப்பா ஆம்ப் பக்கத்தில் படுத்திருந்தவர், கண்ணைத் திறக்காமலே "யார்டா நாயனம் சாதகம் பண்றது?" என்றார்.

கோட்டையூர் டீச்சர் எழுதியது:

எந்த நாள் என்று இங்கேயே போடுங்கள், நானும் வருகிறேன். 40106 ஒன்றை எடுத்து வாருங்கள் தம்பி. அண்ணன் வளவில் பதினொரு மணி வெயிலில் அதன் சுருதி எவ்வளவு நகர்கிறது என்று பார்த்துவிடலாம்.